11 சால்வையும் 63 கேசட்டும்



போன மாதம் ஒரு பாராட்டு விழாவுக்குப் போய் வந்தேன். மூன்று வாரமாக அது மனசில் கிடந்து உறுத்துகிறது. எழுதிவிட்டால் கொஞ்சம் இறங்கும் என்று உட்கார்ந்தேன். நீளமான பதிவு. காபி ஆறிப்போகும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விழா என் பழைய மாணவி ஒருவருக்கு. பல்கலைக்கழகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இசை கற்பித்துவிட்டு ஓய்வு பெற்றவர். 1981-82 பிளஸ் டூ செட் பிள்ளைகளுக்கு யார் என்று தெரிந்துவிடும். தெரிந்தாலும் கமெண்டில் பெயர் போடாதீர்கள். அவரே கேட்டுக்கொண்டது.

விழா 5 மணிக்கு என்று அழைப்பிதழில் இருந்தது. சிறப்பு விருந்தினர் 6 மணிக்கு வந்தார். நல்ல பாடகர், பெயர் வாங்கியவர், குறை சொல்ல மாட்டேன். 40 நிமிடம் தன் வெளிநாட்டுக் கச்சேரிகளைப் பற்றிப் பேசினார். அடுத்து சால்வைகள். நான் கணக்கு வாத்தியார், எண்ணாமல் இருக்க முடியாது. மொத்தம் 11. ஒவ்வொன்றுக்கும் ஒரு போட்டோ. நினைவுப் பரிசில் 'முனைவர்' என்பதில் 'னை' விட்டுப் போயிருந்தது. கடைசியில், "மேடம், மூணு நிமிஷத்துல முடிச்சுக்குங்க" என்று அவர் கையில் மைக்கைக் கொடுத்தார்கள்.

இந்த மனுஷி இத்தனை வருஷம் வகுப்பில் என்ன செய்தார் என்று அந்த மேடையில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. 'இசைக்கு அரும்பணி ஆற்றியவர்' என்று நாலு பேர் சொன்னார்கள். என்ன பணி? அதைக் கேட்கவும் ஆளில்லை, சொல்லவும் ஆளில்லை.

பாராட்டுகிறோம் என்று நாம் செய்வதில் பாதி, யாரைப் பாராட்டுகிறோம் என்பதை மறைக்கிற வேலைதான். பாடுகிறவருக்குக் கைதட்டல் அப்போதைக்கப்போதே கிடைத்துவிடுகிறது. வகுப்பறையில் இசை சொல்லிக்கொடுக்கிறவருக்கு யார் கைதட்டுவார்கள்? மணி அடித்ததும் பிள்ளைகள் எழுந்து போவார்கள், அவ்வளவுதான். அவருடைய வேலை அடுத்தவர் குரலில், அடுத்தவர் புத்தகத்தில் போய் உட்கார்ந்துவிடும். அதனால் அவரைக் கௌரவிக்க நினைப்பவர்கள் முதலில் அந்த வேலையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எனக்குத் தெரிந்த சிலரைச் சொல்கிறேன்.

பி. சாம்பமூர்த்தி. 1901இல் பிறந்தவர், 1973இல் மறைந்தார். சென்னைப் பல்கலைக்கழக இசைத்துறையைப் பல ஆண்டுகள் நடத்தியவர். 'சவுத் இந்தியன் மியூசிக்' என்று 6 பாகம் எழுதினார். குருமார் வாயிலும் பழைய ஏடுகளிலும் சிதறிக் கிடந்ததை, ஒரு பெண் பஸ்ஸில் போகும்போது மடியில் வைத்துப் படிக்கிற பாடப்புத்தகமாக மாற்றியவர் அவர். இன்றைக்கும் இசைத் தேர்வு எழுதுகிற பிள்ளைகள் அந்தப் புத்தகங்களைத் தேடுகிறார்கள். 1971இல் பத்மபூஷண் கொடுத்தார்கள். அவர் பெயரைக் கேள்விப்படாத சங்கீத ரசிகர்கள் எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன்.

அதே துறையில் பின்னால் இருந்தவர் எஸ். சீதா. 17, 18, 19ஆம் நூற்றாண்டுகளில் நம் தஞ்சாவூர் எப்படி சங்கீதத்தின் தலைநகராக இருந்தது என்று ஆராய்ந்து எழுதினார். பெரிய கோவிலையும் அரண்மனையையும் காட்டி ஊர்ப்பெருமை பேசுகிற நாம், அந்தப் பெருமைக்கு ஆதாரம் தேடிக் கொடுத்த அம்மாவின் பெயரை அறிந்திருக்கிறோமா? எனக்கே என் மாணவி சொல்லித்தான் தெரியும்.

வீ.ப.கா. சுந்தரம். 'தமிழிசைக் கலைக்களஞ்சியம்' என்று 4 தொகுதி தொகுத்தவர். பாரதிதாசன் பல்கலைக்கழகம் வெளியிட்டது. பண், தாளம், யாழ், குழல் என்று எதைப் பற்றிச் சந்தேகம் வந்தாலும் எடுத்துப் பார்க்கலாம். ஒரு குழு உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலையை ஒரு மனிதர் முதுமையில் தோளில் போட்டுக்கொண்டார்.

எஸ். ராமநாதன். சிலப்பதிகாரத்தில் உள்ள இசையைப் பற்றி ஆராய்ந்து அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். நாம் பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்து மறந்த காப்பியத்துக்குள் என்னென்ன பாலை, என்னென்ன பண் இருக்கிறது என்று பிரித்துக் காட்டினார். மதுரையில் இசைக் கல்லூரி முதல்வராக இருந்தார். 1985இல் சங்கீத கலாநிதி.

டி. விஸ்வநாதன். வீணை தனம்மாளின் பேரன், பாலசரஸ்வதியின் தம்பி, புல்லாங்குழல் கலைஞர். சென்னைப் பல்கலைக்கழக இசைத்துறையில் இருந்துவிட்டு, பிறகு அதே வெஸ்லியனில் 2002இல் மறையும்வரை கற்பித்தார். அவரிடம் படித்த அமெரிக்க இளைஞர்தான் ஜான் ஹிக்கின்ஸ். நம் ஆட்கள் 'ஹிக்கின்ஸ் பாகவதர்' என்று செல்லமாகக் கூப்பிட்டார்களே, அவர். ஹிக்கின்ஸும் பேராசிரியரானார், 1984இல் சாலை விபத்தில் போய்விட்டார். விஸ்வநாதனுக்கு 1988இல் சங்கீத கலாநிதி கொடுத்தார்கள். 1992இல் அமெரிக்க நாட்டின் பாரம்பரியக் கலைகளுக்கான உயரிய விருதும் கிடைத்தது. இசை வேளாளர் குடும்பத்தின் சொத்தாக வந்த ஒரு வித்தையைக் கடல் தாண்டி, பரம்பரையே இல்லாத பிள்ளைகளுக்கு அள்ளிக் கொடுத்தார்.

இவர்களில் பாடியும் வாசித்தும் பெயர் எடுத்தவர்களுக்காவது சபை கிடைத்தது. மேடை ஏறாமல் வகுப்பறையே கதி என்று இருந்துவிட்ட நூற்றுக்கணக்கானவர்களுக்கு, ஓய்வு பெறும் நாளில் அந்த 11 சால்வைதான்.

விழாவில் பக்கத்து நாற்காலியில் இருந்த என் அக்கா மகன் காதோடு கேட்டான். "ஏன் மாமா, யுனிவர்சிட்டில படிச்சு யாரு மாமா பெரிய பாடகர் ஆனாங்க? எல்லாம் குருகிட்ட உக்காந்து கத்துக்கிட்டவங்கதானே?"

நியாயமான கேள்வி. 50 நிமிடப் பீரியடில் கச்சேரி வித்வானை உருவாக்க முடியாது. அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குருகுலத்தின் வாசல் எல்லோருக்கும் ஒரே மாதிரி திறந்திருந்ததா? என் மாணவியின் அப்பா ரைஸ் மில்லில் கணக்கு எழுதியவர். வீட்டில் பாட்டும் கிடையாது, வீணையும் கிடையாது. மார்கழியில் கோவில் மைக்கில் வருவதைக் கேட்டுப் பாடிய பெண். எந்த வித்வான் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்திருக்க முடியும்? விண்ணப்பம் போட்டாள், இடம் கிடைத்தது, படித்தாள். பல்கலைக்கழகம் செய்த பெரிய காரியம் அந்த விண்ணப்பப் படிவம்தான்.

அங்கே படித்தவர்கள் பள்ளிகளில் பாட்டு டீச்சர் ஆனார்கள். வானொலியில் சேர்ந்தார்கள். சுவடி படித்தார்கள். எது நல்ல பாட்டு, ஏன் நல்ல பாட்டு என்று தெரிந்த ரசிகர்கள் ஆனார்கள். முன்வரிசையில் அப்படி நாலு பேர் உட்கார்ந்திருந்தால்தான் மேடையில் இருப்பவரும் ஒழுங்காகப் பாடுவார்.

இனி என் கதை. இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றினேன்.

பிளஸ் டூ வகுப்பில் வரிசைமாற்றமும் சேர்வும் நடத்திக்கொண்டிருந்தேன். மூன்று சட்டை, மூன்று வேட்டி, எத்தனை விதமாக உடுத்தலாம், 9 என்று கரும்பலகையில் கட்டம் போட்டேன். இரண்டாவது பெஞ்சிலிருந்து இந்தப் பெண் எழுந்தாள். "சார், பாட்டுல இதே கணக்கு வருது. ஆனா 9 வராது, 6தான் வரும்." வகுப்பே சிரித்தது. கரும்பலகைக்கு வரச் சொன்னேன்.

அவள் சொன்னது இது. ஏழு ஸ்வரத்தில் ச, ப இரண்டும் மாறாது. ரி-யில் 3 வகை, க-வில் 3 வகை. சட்டை வேட்டி மாதிரி என்றால் 9 ஜோடி. ஆனால் க எப்போதும் ரி-க்கு மேலே நிற்க வேண்டும். இரண்டு ஜோடிகளில் ரி-யும் க-வும் ஒரே இடத்தில் விழும், ஒன்றில் க கீழே போய்விடும். அந்த மூன்றையும் தள்ளினால் 6. அதேபோல த, நி ஜோடி 6. மத்தியமம் 2. ஆக 6 × 6 × 2 = 72. அதுதான் 72 மேளகர்த்தா. 17ஆம் நூற்றாண்டிலேயே வேங்கடமகி போட்டு வைத்த கணக்கு. முதல் 36க்கு ஒரு மத்தியமம், அடுத்த 36க்கு இன்னொன்று. அதனால்தான் 29ஆவது சங்கராபரணத்தில் மத்தியமத்தை மட்டும் மாற்றினால், 36ஐக் கூட்டி, 65ஆவது கல்யாணி வருகிறது.

எனக்குப் புல்லரித்துவிட்டது. 9 கட்டம் போட்டு 3ஐ அடித்துக் காட்டினேன். பிறகு வந்த ஒவ்வொரு செட்டுக்கும் அதையே நடத்தினேன். உங்களில் பலர் அந்தக் கட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். இப்போது தெரிந்துகொள்ளுங்கள், அது என் சரக்கு இல்லை.

தேர்வு முடிவு வந்தது. கணக்கில் 200க்கு 187. மெட்ராஸ் போய் இசை படிக்கப் போகிறேன் என்றாள். அவள் அப்பா என்னிடம் யோசனை கேட்க வந்தார். மனிதர் பாதி சம்மதித்திருந்தார். நான்தான் கெடுத்தேன். "பாட்டு சோறு போடாதுங்க. இந்த மார்க்குக்குக் கணக்கு எடுத்தா பேங்க் வேலை நிச்சயம்" என்று அடித்துச் சொன்னேன். வாத்தியார் சொல்லே வேதம் என்று இருந்த காலம். அவர் வீட்டுக்குப் போய் 'முடியாது' என்றுவிட்டார். அவள் நாலு நாள் சாப்பிடாமல் கிடந்து, தாய்மாமன் தலையிட்டு, எப்படியோ போய்ச் சேர்ந்தாள். அப்பா ஒரு வருஷம் மகளோடு பேசவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இசையிலிருந்து ஒரு கணக்கைக் கொண்டுவந்து கொடுத்தால் எனக்குப் புல்லரிக்கிறது. அந்த இசையையே படிக்கிறேன் என்றால் 'சோறு போடாது' என்கிறேன். இதற்கு என்ன பெயர் வைப்பது?

விழா மேடைக்கு வருகிறேன். கையில் மைக், கொடுத்தது மூன்று நிமிடம். அவர் தன்னைப் பற்றி ஒரு வரி பேசவில்லை. தனக்கு இசை சொல்லிக்கொடுத்த மூன்று பேராசிரியர்களின் பெயரைச் சொன்னார். தனக்குத் தேவாரம் பாடிக் காட்டிய ஓதுவார்களின் பெயர்களை ஊரோடு சேர்த்துச் சொன்னார். கடைசியாக, "72 மேளத்தை என் மாணவர்களுக்கு நடத்தும்போது, எங்க கணக்கு சார் போர்டுல போட்ட 9 கட்டத்தைத்தான் இன்னிக்கும் போடறேன். சார் அங்க உக்காந்திருக்கார்" என்றார். கூட்டம் திரும்பிப் பார்த்தது. எனக்குத் தலையைத் தூக்க முடியவில்லை.

நாற்பது வருஷத்துக்குப் பிறகு பகிரங்கமாகச் சொல்கிறேன். அம்மா, அன்றைக்கு நான் உன் அப்பாவிடம் சொன்னது தப்பு. மன்னித்துக்கொள்.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். மாடியறை இரும்பு பீரோவில் ஒரு தட்டு முழுக்கக் கேசட். வேலைக்குச் சேர்ந்த புதிதில், விடுமுறை நாட்களில் காவிரிக்கரைக் கோவில்களுக்குப் பஸ்ஸில் போய், வயதான ஓதுவார்களைப் பாடச் சொல்லிப் பதிவு செய்தவை. சொந்தச் சம்பளத்தில் வாங்கிய டேப் ரெக்கார்டர். ஒரே பதிகத்தை மூன்று ஊரில் மூன்று ஓதுவார் எப்படிப் பாடுகிறார்கள், மேகராகக்குறிஞ்சியை இன்று நீலாம்பரியில் பாடுகிறோமே, அந்தப் பெரியவர்கள் எந்த இடத்தில் எப்படி அசைத்தார்கள், எல்லாம் அதில் இருக்கிறது. பாடிய ஓதுவார்களில் அநேகமாக யாரும் இப்போது உயிரோடு இல்லை.

எண்ணினேன். 63 கேசட். நாயன்மார் கணக்கு, தற்செயல்தான். நாலைந்தில் பூஞ்சை பூத்திருக்கிறது. ஒன்றைப் போட்டுப் பார்த்தோம், நாடா சிக்கிக்கொண்டது. அவர் பென்சிலை விட்டு மெதுவாகச் சுற்றி எடுத்தார். "யாருமே கேக்கலயாம்மா இதை?" என்றேன். "துறைக்குக் கொடுக்கலாம்னு இருந்தேன் சார். என் இடத்துக்கு இன்னும் ஆளே போடல. யார்கிட்ட கொடுக்கறது?" என்றார்.

முந்தின நாள் அத்தனை பேர் கூடி அவரைக் கௌரவித்தோம். அந்த 11 சால்வைக்கு ஆன காசில் ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கியிருந்தால் பாதிக் கௌரவமாவது நடந்திருக்கும்.

ஒரு பல்கலைக்கழக இசை ஆசிரியரை உண்மையிலேயே மதிப்பது என்றால் எனக்குத் தோன்றுவது நாலே விஷயம். அவர் என்ன செய்தார் என்பதை விசாரித்துச் சரியாகச் சொல்வது. அவர் சேர்த்து வைத்தது அழியாமல் காப்பது. அவர் எழுதியது அச்சில் இருக்கும்படி பார்த்துக்கொள்வது. அவர் எழுந்த நாற்காலியில் அடுத்தவரை உட்கார வைப்பது. கடைசி இரண்டும் பல்கலைக்கழகமும் அரசும் செய்ய வேண்டியவை. கேட்டுக்கொண்டே இருப்போம், எழுதிக்கொண்டே இருப்போம். முதல் இரண்டுக்கு யார் அனுமதியும் வேண்டாம், நாமே செய்யலாம்.

ஆகவே கணக்கு. ஒரு கேசட் 90 நிமிடம். 63 × 90 = 5670 நிமிடம், அதாவது 94 மணி 30 நிமிடம். கேசட்டை வேகமாக ஓட்டி நகல் எடுத்தால் கெட்டுப்போகும், ஓடுகிற நேரம் ஓடவிட்டுத்தான் கணினியில் ஏற்ற வேண்டும். இரண்டு பேர் ஒரு செட்டாக, ஒரு செட்டுக்கு நாளைக்கு 6 மணி நேரம். 4 செட் இருந்தால் 24 மணி நேரம். 4 ஞாயிற்றுக்கிழமையில் 96 மணி நேரம். முடிந்தது. சிக்கல் எடுக்க ஒன்றரை மணி நேரம் மிச்சம்கூட இருக்கிறது.

வேண்டியவை இவை. நல்ல நிலையில் உள்ள கேசட் பிளேயர் நாலு (வீட்டுப் பரணில் தேடுங்கள், தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள்). மடிக்கணினி நாலு. ஒலிப்பதிவு தெரிந்த இரண்டு பேர். பூஞ்சை பிடித்த நாடாவைச் சுத்தம் செய்யத் தெரிந்த ஒருவர். பதிவுகளை மூன்று இடத்தில் வைப்போம். ஒரு பிரதி அவரிடம், ஒன்று நம் பள்ளியில், ஒன்றைச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஓர் இடத்தில் ஏற்றுக்கொள்வார்களா என்று கேட்போம். ஓதுவார்களின் குடும்பங்களைத் தேடிப் போய் அனுமதி வாங்குகிற வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். கால் நன்றாகத்தான் இருக்கிறது, பஸ்ஸில் முதியோருக்கு இருக்கையும் இருக்கிறது.

அவரிடம் போனில் கேட்டேன். முதலில், "வேண்டாம் சார், பிள்ளைங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்" என்றார். வற்புறுத்தினேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "என் பேரு எங்க வேணா இருக்கட்டும், இல்லாமயும் போகட்டும் சார். பாடின ஓதுவார் பேரும் ஊரும் ஒவ்வொண்ணுலயும் சரியா இருக்கணும். எழுத்துப் பிழை இல்லாம."

வருகிற தை முதல் ஞாயிற்றுக்கிழமை, காலை 9 மணி, என் வீட்டு மாடி. மதியச் சாப்பாடு உங்கள் அக்கா பொறுப்பு (இன்னும் அவளிடம் சொல்லவில்லை, இதைப் படித்துத் தெரிந்துகொள்வாள்). வருகிறவர்கள் கமெண்டில் பெயரும், கொண்டுவரக்கூடிய பொருளும் எழுதுங்கள். தயவுசெய்து யாரும் சால்வை கொண்டுவராதீர்கள்.

இன்னொன்று. இதைப் படிக்கிறவர்களில் பெற்றோர் இருக்கிறீர்கள், ஆசிரியர் வேலைக்குப் போனவர்களும் இருக்கிறீர்கள். 187 வாங்கிய ஒரு பிள்ளை, பாட்டோ நாகஸ்வரமோ நாடகமோ படிக்கப் போகிறேன் என்று உங்கள் முன்னால் வந்து நின்றால், உடனே பதில் சொல்லாதீர்கள். கரும்பலகைக்குக் கூப்பிட்டு, தனக்குத் தெரிந்ததைச் சொல்லச் சொல்லுங்கள். கேட்டுவிட்டு அப்புறம் பேசுங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு சார்